சுவரின் நிறத்தில் ஒரு சீலை

பக்கத்து வீட்டில் பெயின்ற் அடிக்கிறார்கள். காலையிலிருந்து அந்த மணம் மதிலைத் தாண்டி வந்து என் தேநீருக்குள்ளும் கிடக்கிறது. ஈரச் சுவரின் மணம், மூக்குக்கு மேலே ஏறி நின்று கண்ணைக் கசக்கவைக்கும் மணம். யன்னலைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடி சாத்தினேன். பயனில்லை. வவுனியாவில் நான் இருக்கும் இந்தச் சிறிய அறைக்குள் பரந்தன் வந்துவிட்டது. பின்னாலேயே, இடது கண்ணை மூடிக்கொண்டு, அக்கா வந்து நிற்கிறார்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. வேலை மாற்றலாகிப் பரந்தனுக்குப் போனபோது, சந்தியிலிருந்து வயல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்தேன். வீடு அக்காவின் தங்கையுடையது. தங்கையின் கணவர் விடிய வயலுக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். அவர்களுக்கு ஒரே மகள். அவர்களோடு அக்கா. இளவயதில் கணவனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர். சாம்பல் பூத்த வெள்ளையில் சீலை, பொட்டில்லாத நெற்றி, உரத்துப் பேசாத வாய். வந்த முதல் வாரம் முழுவதும் அவர் அந்த வீட்டில் இருக்கிறார் என்பதையே நான் சரியாகக் கவனிக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தது அவர்தான் என்று.

எதையும் முதலில் இரண்டு கண்ணாலும் பார்ப்பார். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கொடியில் துணி காயப்போட்டால் கடும் நிறங்கள் ஒரு பக்கம், வெளிறியவை மறுபக்கம். நடுவில் ஒரு துவாய் பிழையாகத் தொங்கினால் சமைக்கக் குசினிக்குள் போனவர் திரும்பி வந்து மாற்றிப் போட்டுவிட்டுப் போவார். தட்டில் சோறு போடும்போது பீற்றூட் கறிக்கும் சோற்றுக்கும் நடுவில் ஒரு கரண்டி கீரையை அணை கட்டுவார். "சிவப்பு ஓடிவந்து வெள்ளையைப் பிடிச்சுதெண்டால் கண்ணுக்குப் பசி போயிடும் பிள்ளை. கண்ணுக்குப் போனால் வயித்துக்கும் போயிடும்."

நான் என் அறையில் கதிரையை எங்கே வைத்தாலும் அவர் வந்து நகர்த்துவார். ஏன் என்று கேட்டால் மறுமொழி ஒன்றுதான்: "நடுவைப் பாக்காதையும். கரையைப் பாரும்."

அந்தச் சினிமாப் படம் அந்த வீட்டுக்குள் வந்தது பெறாமகளால். தங்கையின் மகளை அக்கா அப்படித்தான் சொல்லுவார், என்ர பெறாமகள் என்று. சொல்லும்போது பெறாத என்ற பகுதி வாய்க்குள் கரைந்துபோய் மகள் மட்டும் வெளியே வரும். கிளிநொச்சிக்குப் படிக்கப்போன அந்தப் பெண் ஒருநாள் ஒரு சீடியோடு வந்தாள். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் நடக்கும் பகிடிக் காதல் கதை. பெரிய பங்களாவில் சுவர் மணிக்கூடு நின்றுபோகிறது. திருத்த வந்த இளைஞன் அந்த வீட்டுப் பெண்ணைக் கண்டுவிடுகிறான். மணிக்கூடு ஓடத் தொடங்கினால் நாளைக்கு வரமுடியாதே, ஒன்றைத் திருத்தி இன்னொன்றைக் கெடுத்துவைத்துவிட்டுப் போகிறான். மணிக்கூடு நடுப்பகலில் ஆறு அடிக்கிறது. வீட்டுப் பெரியவர் அதை நம்பி வெயிலுக்குள் விளக்கேற்றுகிறார். அவ்வளவுதான் கதை. ஒழுங்கையில் இருந்த பெண்களும் பிள்ளைகளும் கூடம் நிறைய இருந்து வயிறு நோகச் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. கூடத்துக்கும் குசினிக்கும் இடையிலான வாசலில், சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் சுளகு அரிசியோடு இருந்தார். அவருடைய இடம் அதுதான். பாதி அங்கே, பாதி இங்கே. படம் பாதி ஓடிய பிறகு அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

"இப்ப பொடியன் வருவான்."

வந்தான்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "வாறான்." அப்போதும் வந்தான்.

"பெரியம்மா முந்தியே பாத்திட்டுத் தெரியாத மாதிரி அளாப்பிறா," என்றாள் பெறாமகள்.

"நான் எங்கை பாத்தனான்? அவன் வரமுந்தி நீலம் வருதல்லோ. இப்ப மேசையில நீலக் கோப்பை வைச்சிருந்தது. அதுக்கு முந்தி அவள் தைச்ச துணியில நீல நூல். அவன்ர சைக்கிளும் நீலம். நிறம் முன்னால, ஆள் பின்னால."

"இனி எங்கட சாதகத்தையும் இவளிட்டயே குடுப்பம்," என்றாள் பக்கத்து வீட்டு மனிசி. கூடம் குலுங்கியது. ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் கதையைப் பார்க்கவில்லை. எல்லோரும் நீலத்தைத் தேடினார்கள். ஒரு நாணயக் குற்றியளவு நீலம் தெரிந்தாலும் பிள்ளைகள் கத்தினார்கள். கடைசிக்குக் கிட்ட ஒரு காட்சி. அந்தப் பெண் பங்களாப் படியில் காத்திருக்கிறாள், மாலை இறங்கி, வானம், படி, அவளுடைய கை எல்லாமே நீலமாகிவிடுகின்றன. பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வரவேயில்லை.

"கள்ளன்," என்றார் அக்கா மெதுவாக.

"ஆரக்கா?"

"படத்தை எடுத்தவன். அவ்வளவு நீலத்தையும் கொட்டிப்போட்டு ஆளை மட்டும் விடாமல் பிடிச்சு வைச்சிருக்கிறான். பாரும், உமக்கே நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுதல்லோ?"

செய்தது. ஓம், செய்தது.

அந்த மாரியில் ஒரு மின்னல் ரீவியின் சத்தத்தை எடுத்துக்கொண்டு படத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனது. எல்லோரும் சலித்தார்கள். அக்காவுக்கு மட்டும் அது கொடுத்துவைத்த காலம். பின்னேரங்களில், தங்கை கண்ணயரும் நேரத்தில், சத்தமில்லாத அந்தப் படத்தை ஓடவிட்டுக்கொண்டு மரக்கறி வெட்டுவார். பிறகு ரீவியைத் திருத்தியபோதும் அந்தப் படத்துக்கு மட்டும் சத்தத்தைக் குறைத்தே வைத்தார். "சத்தம் இருந்தால் கண் பஞ்சிப்படுது, வேலையைக் காதிட்ட விட்டிடுது." நான் வேலையால் வந்து முகம் கழுவியதும் போய்ப் பக்கத்தில் இருப்பேன். எனக்கும் வேறு போக்கிடம் இல்லை. அக்காலத்தில் எழுதத் தொடங்கிக் கிழித்துக்கொண்டிருந்தேன், எழுதத் தொடங்கிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு பின்னேரம்தான் தூணைக் காட்டினார். அவனும் அவளும் முதல்நாள் சந்திக்கும்போது இருவருக்கும் நடுவில் பங்களாத் தூண், கட்டிப்பிடிக்க முடியாத பருமனில். அடுத்த தரம் யன்னல் கம்பிகள். அதற்கடுத்தது கொடியில் காயும் மெல்லிய துணி, அதற்குள்ளால் இருவருடைய நிழலும். கடைசியில், அவள் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுக்கும்போது, இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு நூல். அதை அவள் பல்லால் கடித்து அறுக்கிறாள்.

"கலியாணம் அங்கையே முடிஞ்சுது," என்றார் அக்கா, கத்தரிக்காயை நீட்டாக வகிர்ந்தபடி. "பிறகு வாற மேளமெல்லாம் சும்மா சனத்துக்கு."

ஒரு பகிடிப் படத்தை இவ்வளவு பக்தியோடு பார்த்த மனிதரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. விளக்கு வெளிச்சம் கன்னத்தில் விழுகிற இடம், கூரை ஓட்டு நீக்கலால் தூசி இறங்குகிற இடம், ஒரு மாம்பூ நிறச் சீலை காட்சிக்குக் காட்சி பழுத்து மஞ்சளாகிக் கடைசியில் செம்மஞ்சளாகிற விதம். எல்லாவற்றையும் காட்டினார். அதனால் ஒரு ஞாயிறு அவர் திடீரென்று ரிமோற்றை அழுத்திப் படத்தை நிறுத்தியபோது, இன்னுமொரு அழகைக் கண்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"அதிலை ஒரு மனிசி நிக்கிறா. தெரியுதே?"

எனக்குத் தெரியவில்லை. எழும்பிப் போய் ரீவியில் விரலை வைத்துக் காட்டினார். கதாநாயகியின் மாமி. கைம்பெண். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால், அந்தச் சுண்ணாம்பின் நிறத்திலேயே சீலை. முகமும் கையும் மட்டும் சுவரில் ஒட்டிய மாதிரி. அத்தனை தரம் பார்த்தும் அப்படி ஒருத்தி இருந்ததே எனக்குத் தெரியாது.

திரும்ப ஓடவிட்டார். எல்லாக் காட்சியிலும் இருந்தாள். சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் இருந்தாள், மண்ணிறக் கதவுக்கு முன்னால் மண்ணிறத்தில். தோட்டத்தில் காய்ந்த புல்லின் நிறத்தில். எங்கே நின்றாலும் அவளுக்குப் பின்னால் இருந்தது அவளை விழுங்கிக்கொண்டிருந்தது.

"தற்செயலா இருக்குமக்கா," என்றேன்.

"நீலத்தில பிழைவிடாதவன் இதில பிழைவிடுவானே?"

அக்கா ரிமோற்றை மடியில் வைத்தார்.

"சுவரோட சுவராப் பூசிப்போட்டான்." குரலில் கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது, மெச்சுதல். "கெட்டிக்காரன். அவளைக் கண்டால் சனத்துக்குச் சிரிப்பு வராது. அதாலதான்."

கடைசிப் பாட்டுவரை பார்த்தோம். மணிக்கூடு முதல்முறையாகச் சரியாக அடிக்கிறது, வீடு முழுக்க ஆடுகிறது. அந்த மாமி மட்டும் கரையில் நின்று, திரும்பி, பின்கதவால் போகிறாள். கமரா அவளுக்குப் பின்னால் போகவில்லை. அக்கா அந்த இடத்தை மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

"எங்கை போறா?"

"அது கதையில இல்லையக்கா."

"கதையில இல்லை. எடுத்தவனுக்குத் தெரியும். தெரியாமல் கதவைத் திறந்துவிட்டிருக்கமாட்டான்."

எழும்பிப் போகும்போது, தான் வழக்கமாகச் சாய்ந்திருக்கும் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுப் போனார். அந்த வீட்டுச் சுவர்கள் அதுவரை பெயின்ற் காணாதவை. சீமெந்து பூசி விட்டபடி, சாம்பல் நிறம்.

ஒரு விசயம் சொல்லவேண்டும். பெறாமகளைக் கைக்குழந்தையாகக் கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தது அக்கா. தங்கை மலேரியாவில் படுத்துக்கிடந்த மாதங்களில் பிள்ளை அக்காவின் தோளிலேயே கிடந்தது. நடை பழகியது, அ எழுதியது எல்லாம் அக்காவோடுதான். ஆனால் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. முந்தைய அல்பங்கள் கடைசி இடப்பெயர்வில் ட்ரங்குப் பெட்டியோடு வழியில் போய்விட்டன. முகாமில் குடும்பமாக நிறுத்திப் பதிவுக்கு எடுத்த படம், எடுத்தவர்களோடு போய்விட்டது. பிறகு வந்த பிறந்தநாள், பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீடு எல்லாவற்றிலும் அக்கா குசினியில் நின்றார். ஒருநாள் பூசணிக்காய் சீவிக்கொண்டிருக்கும்போது, யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல் சொன்னார்: "எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். அவளோட ஒரு படம். இவள்தான் தூக்கித் திரிஞ்சவள் எண்டு ஆரும் கேட்டால் காட்ட."

பெறாமகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை ஒட்டுசுட்டான் பக்கம். தங்கை ஒரு பின்னேரம் அக்காவின் அருகில் வந்து, சீலைத் தலைப்பைத் திருகியபடி நின்றாள்.

"அக்கா, குறை நினையாதை. பொன்னுருக்கலுக்கும் கலியாணத்தண்டும் நீ குசினிப் பக்கம் பாத்துக்கொள்ளன். மாப்பிள்ளையின்ர தாய் கொஞ்சம் பழைய ஆள்."

"அதுக்கென்ன. ஆரோ குசினியையும் பாக்கத்தானே வேணும்."

"படம் எடுக்கேக்க வா. கரையில நில். வராமல் விடாதை."

"ஓம், கரையில நிக்கிறன்."

தங்கையைக் குறைசொல்ல என்னால் முடியாது. அவளுடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அக்காவுக்கென்று ஒரு புதுச் சீலையும் வாங்கி வந்திருந்தாள், நல்ல சீலை, விலைகூடின சீலை. சாம்பல் வெள்ளை. அக்கா அதை விரித்து, இடது கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். சரி என்றுவிட்டு, கலியாணத்துக்காக வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலையைத் தன்னிடம் விடச் சொன்னார். நிறம் தெரிவுசெய்வதில் அந்த வீட்டில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, ஒருவரும் மறுக்கவில்லை.

சந்திக் கடைக்கு நானும் கூடப்போனேன். நிற அட்டையை விரித்துவைத்த கடைக்காரர் கிறீமைக் காட்டினார், இளமஞ்சளைக் காட்டினார். அக்கா கடைசி வரியில் இருந்த கடும் பச்சையில் விரலை வைத்தார். வெயில் படாத குளத்துத் தண்ணீரின் பச்சை.

"அக்கா, கலியாண வீடெல்லோ? உது சரியான இருட்டு."

"வெளிச்சத்தை நாங்கள் கொண்டுவாறம். நீர் பெயின்றைத் தாரும்."

"பிறகு என்னை ஏசக்கூடாது."

"ஏசினால் உம்மட கடைக்குத்தானே திரும்பி வரவேணும். வியாபாரம்தானே தம்பி."

அவர் சிரித்துக்கொண்டு வாளியைத் தேடிப் போன நேரத்தில், அக்கா பையிலிருந்து புதுச் சீலையின் தலைப்பை எடுத்து அந்தப் பச்சைக்கு மேல் வைத்தார். வெள்ளை எழும்பி நின்றது. கொக்கு ஒன்று குளத்துக்கு மேல் எழும்பிய மாதிரி. எனக்கு விளங்கியது. சீலையை மாற்ற அவருக்கு உரிமை இல்லை, அதனால் சுவரை மாற்றுகிறார். அவர் என்னைப் பார்த்தார், நான் அட்டையைப் பார்த்தேன்.

கூடம் பச்சையானது. "குளத்துக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு," என்று தங்கை முணுமுணுத்தாள். "பெரியம்மா செய்தால் ஏதோ இருக்கும்," என்றாள் பெறாமகள், ஈரச் சுவரை முகர்ந்தபடி. வீடு முழுக்க இந்த மணம்தான், இப்போது என் யன்னலுக்குள் வரும் இதே மணம்.

கலியாணத்தன்று விடிய, கூடத்து யன்னல் கட்டில் ஒரு நீலக் கோப்பை இருந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள்.

ஆனால் மாப்பிள்ளைக்கு முன்னால் சோடனைக்காரர் வந்துவிட்டார்கள். படம் எடுக்கவென்று கூடத்துச் சுவர்களை மறைத்து முகடு தொடக்கம் நிலம்வரை பளபளக்கும் சற்றின் துணியை இழுத்துக் கட்டினார்கள். கிறீம் வெள்ளை, மடிப்பு மடிப்பாக, பிளாஸ்ரிக் பூ வைத்து. பச்சை கிட்டத்தட்ட முழுவதும் அதற்குப் பின்னால் போனது. அக்கா குசினி வாசலில் நின்று அதைப் பார்த்தார். இரண்டு கண்ணாலும் பார்த்தார். இடது கண்ணை மூடவில்லை. பார்க்க இனி என்ன இருந்தது? புதுச் சீலையின் நிறம்தான் அந்தத் துணியின் நிறமும்.

தாலி முடிந்தது. "பொம்பிளைப் பகுதி வாங்கோ," என்று கமராக்காரர் கூப்பிட்டார். தங்கையும் கணவரும் போய் நின்றார்கள். மாப்பிள்ளை நின்றான். மணப்பெண் அக்காவைப் பார்த்தாள். அக்கா கரையில் நிற்க மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தார். அவள் அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள், பெரியம்மாவின் சீலையைப் பார்த்தாள். எத்தனையோ பின்னேரம் அந்தச் சினிமாவை அவரோடு இருந்து பார்த்தவளல்லவா, சுவரோடு சுவரான மாமியையும் அவள் போன பின்கதவையும் அக்கா அவளுக்கும் காட்டியிருந்தார். கூறைச் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறென்று இறங்கிக் குசினி வாசல் சுவரடிக்குப் போனாள். துணி கட்டாத பச்சை அந்த ஒரு துண்டுதான் மிச்சம்.

"எங்கை பிள்ளை போறாய்?" என்றாள் தங்கை.

"இஞ்சை நிண்டு எடுப்பம். வாங்கோ பெரியம்மா."

"தங்கச்சி, செற் இஞ்சாலயல்லோ. லைற் எல்லாம் பூட்டிக் கிடக்கு," என்றார் கமராக்காரர்.

"லைற்றைத் திருப்புங்கோ அண்ணை. பொம்பிளை நிக்கிற இடத்துக்குத்தானே கமரா வரவேணும்?"

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்தினார்கள். "இதென்ன முறை," என்று மாப்பிள்ளையின் தாய் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவர் ஓரடி பின்னால் வைத்தார். பின்னால் குசினிக் கதவு திறந்து கிடந்தது. பெறாமகள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, கதவால போகக்கூடாது."

அந்தச் சொல்லின் கனம் அந்தக் கூடத்தில் எங்கள் மூவருக்கு மட்டும்தான் தெரியும். தங்கை இரண்டு பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். சம்பந்தியைப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து, அக்காவின் மறுபக்கத்தில் நின்று, அவருடைய தோள் மடிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டு, கமராவைப் பார்த்தாள். மாப்பிள்ளை மாலையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். கமராக்காரர் பெருமூச்சோடு லைற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

படம் வந்த நாளில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். கூறையின் அரக்கு பச்சைக்குள் கொஞ்சம் தாழ்ந்துபோய், நடுவில் அந்தச் சாம்பல் வெள்ளை எழும்பி நிற்கிறது. யார் பார்த்தாலும் கண் முதலில் போவது அக்காவிடம். அவர் வாங்கி, கையை நீட்டித் தூரப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் கூட இடம் பிடிச்சிட்டன்போல," என்றார்.

போன வருடம் அக்கா இல்லாமல் போனார். நான் தூரத்தில் இருந்தேன், பிந்தித்தான் தெரியும். மரண அறிவித்தல் கைபேசியில் வந்தது. வேறு படம் ஏது, அந்தக் கலியாணப் படத்திலிருந்துதான் முகத்தையும் தோளையும் வெட்டி எடுத்திருந்தார்கள். பின்னாலிருந்த பச்சையை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் போடுவதுபோல வானமும் முகிலும் போட்டிருந்தார்கள். வெண்முகில். அக்காவின் சீலை எங்கே முடிகிறது, முகில் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தெரியாமல் செய்தவர்கள்மீது கோபப்பட்டு என்ன? என்னிடம் பச்சைச் சுவரோடு முழுப்படம் இருக்கிறது. இன்று காலை, இந்த மணத்துக்குள், அதை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பெறாமகளின் விரல்கள் இன்னும் அந்த மணிக்கட்டில் இருக்கின்றன.

பரந்தனை விட்டு நான் புறப்பட்ட நாள் நினைவுக்கு வருகிறது. மறுபடி மாற்றல். காலை பஸ். அக்கா சந்திவரை வந்தார். வீட்டில் விடைபெற்றால் போதுமே என்றேன், கேட்கவில்லை. பஸ் நிறையச் சனம். வலப்பக்க யன்னலோரம் ஓர் இடம் கிடைத்தது, இருந்துவிட்டேன். வெளியே அக்கா எட்டி எட்டித் தேடுவது தெரிந்தது. கையைக் காட்டினேன். தலையை ஆட்டினார், இல்லை என்று. பிறகு இடப்பக்க யன்னலடிக்கு வந்து தகரத்தில் தட்டினார்.

"அங்கை இருக்காதையும் பிள்ளை. முகம் இருட்டு. இந்தப் பக்கம் வாரும்."

"இடமில்லையக்கா."

"ஆரையும் கேளும். உம்மைப் பாத்துக்கொண்டு விடவேணும்."

யன்னலோரம் இருந்த மனிதர் ஒன்றும் கேட்காமலே எழும்பி இடம் தந்தார். போய் இருந்தேன். கிழக்கு வெயில் நேரே என் முகத்தில் விழுந்து கண் கூசியது. சூரியன் அக்காவின் முதுகுக்குப் பின்னால். அவருக்கு என் முகம் முழுவதும் தெரிந்திருக்கும். எனக்கு அவர் வெளிச்சத்தில் வெட்டிய ஓர் உருவம் மட்டும்தான். ஒரு கண்ணை மூடியிருந்தாரா என்றுகூடத் தெரியவில்லை. பஸ் உறுமியது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன்.

"வேண்டாம், கையை எடும்," என்றார் அக்கா. "இப்ப சரி. அப்பிடியே இரும்."